கேமராவுக்கு இன்னொரு கைப்பிடி

பொங்கல் விழா, சொற்போர், நாடக இரவு என நம் பேரவையின் எந்த நிகழ்வுக்குச் சென்றாலும், மேடையோரத்தில் கேமராவும் கையுமாக நிற்கும் இரண்டு மூன்று பேரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் ஓரிருவரின் கேமராவுக்கு அடியில் கறுப்பு நிறத்தில் இன்னொரு பகுதி பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கிரிப் என்றும் பேட்டரி கிரிப் என்றும் சொல்வார்கள். தமிழில் செங்குத்துக் கைப்பிடி எனலாம். "அக்கா, அது கூடுதல் பேட்டரியா?" என்று முதலாம் ஆண்டு மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பேட்டரியும் அதற்குள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், பேட்டரிக்காக மட்டும் அதை வாங்கினால் பணம் வீண் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

என்னிடம் இருப்பது கேனன் இ.ஓ.எஸ். 700டி. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த கேமரா. என் அண்ணன் பயன்படுத்தி, வேலைக்குப் போனபின் என்னிடம் கொடுத்தது. டி.எஸ்.எல்.ஆர். வகையில் இது சிறிய உருவம் கொண்டது. பேட்டரியும் நினைவக அட்டையும் சேர்த்து ஏறத்தாழ 580 கிராம்தான். இப்படிச் சிறியதாக இருப்பதற்காகவே வாங்கிய ஒன்றின் அடியில் ஒரு கட்டையை மாட்டிப் பெரிதாக்குவது முரண்பாடாகத் தோன்றலாம். பெரிய கேமராவே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. செய்தியாளர்கள் பயன்படுத்தும் கேனன் 1டி, நிக்கான் டி3 போன்ற பெரிய கேமராக்களில் இந்தச் செங்குத்துக் கைப்பிடி உடலோடு உடலாகவே அமைந்திருக்கும். அதைக் கழற்ற முடியாது. சிறிய கேமராவிலோ தேவைப்படும் நாளில் மாட்டலாம், தேவையில்லாத நாளில் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அந்த உரிமைதான் இதில் கிடைக்கும் வசதி.

பொருத்தும் முறை எளிது. கேமராவின் அடியில் உள்ள பேட்டரிக் கதவை முதலில் கழற்ற வேண்டும். அது சிறு அழுத்தத்தில் தனியே வந்துவிடும். உள்ளிருக்கும் பேட்டரியை எடுத்துவிட்டால், கிரிப்பின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பேட்டரி வடிவக் கட்டை அந்தக் குழிக்குள் போய் அமர்ந்துகொள்ளும். பிறகு, கிரிப்பின் ஓரத்தில் உள்ள சக்கரத்தைச் சுழற்றினால், முக்காலி மாட்டுவதற்காகக் கேமராவின் அடியில் உள்ள திருகுத் துளைக்குள் ஒரு திருகு ஏறி இறுகும். கழற்றிய கதவைச் செருகி வைக்க அந்தக் கட்டையின் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு.

700டி-க்குரிய கிரிப்பின் பெயர் பி.ஜி.-இ8. 550டி, 600டி, 650டி ஆகிய முந்தைய மூன்று கேமராக்களுக்கும் இதுவே பொருந்தும். இதில் இரண்டாவது ஷட்டர் பொத்தான் ஒன்றும், அதற்குப் பக்கத்தில் விரலால் உருட்டும் சக்கரமும், குவியப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கவும் ஒளியளவைப் பூட்டவும் பொத்தான்களும் இருக்கின்றன. அதாவது, வலக்கை வழக்கமாகச் செய்யும் வேலைகளுக்குரிய பொத்தான்கள் இன்னொரு தடவை, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியபின் கை வந்து அமரும் இடத்தில், வைக்கப்பட்டுள்ளன.

இனி, கைக்கு வருவோம். வாசகர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். கேமரா இல்லாவிட்டால் ஒரு தடித்த புத்தகம் போதும். இரு கைகளாலும் அதைக் கிடையாகப் பிடித்துக் கண்ணருகே கொண்டுசெல்லுங்கள். இரண்டு முழங்கைகளும் இயல்பாக விலாவோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது புத்தகத்தைச் செங்குத்தாகத் திருப்புங்கள். வலக்கை மேலே போகிறது. கூடவே வலது முழங்கை தோள் உயரத்துக்குப் பறவையின் சிறகுபோல் விரிந்துகொள்கிறது. அந்த நிலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தோள்பட்டை முதலில் கனக்கும், பிறகு நடுங்கத் தொடங்கும். கேமராவை எதிர்ப்பக்கமாகத் திருப்பி வலக்கையைக் கீழே கொண்டுவருவோரும் உண்டு. அப்போது முழங்கை இறங்கிவிடும், மணிக்கட்டு மடங்கிக்கொள்ளும். இரண்டும் நெடுநேரத்துக்கு ஒத்துவராது.

கிரிப் மாட்டிய கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால், வலக்கை கிரிப்பைப் பற்றிக்கொண்டு கிடையாகப் பிடித்த அதே நிலையில் நிற்கும். முழங்கை விலாவை விட்டு விலகாது. கேமராவின் பாரத்தைத் தோளுக்குப் பதிலாக உடம்பே தாங்கிக்கொள்கிறது. பாரத்தைத் தாங்கும் உடம்பு ஆடாமல் இருந்தால் படமும் ஆடாது. ஒளி குறைந்த மண்டபத்தில் ஷட்டரின் வேகத்தைக் குறைத்தே எடுக்க வேண்டியிருப்பதால், இது நமக்கு மிகவும் பயன்படும். இன்னொரு நன்மையும் உண்டு. விரிந்த முழங்கை பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் பார்வையை மறைக்கும். பாட்டிமார் அதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

சுண்டுவிரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் உயரம் குறைவு. கையால் பற்றும்போது மூன்று விரல்கள் அடங்கிவிடும், சுண்டுவிரல் மட்டும் கேமராவுக்கு அடியில் காற்றில் தொங்கும். சிறிய கை உள்ளவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. என் அண்ணனுக்குக் கை பெரியது, அவர் எப்போதும் முணுமுணுப்பார். கிரிப் மாட்டினால் அந்த விரலுக்கும் இடம் கிடைக்கிறது. இது அற்ப விஷயம் என்று எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டில் கேனன் நிறுவனம் தன் சிறிய இ.ஓ.எஸ். ஆர்.பி. கேமராவுக்கு இ.ஜி.-இ1 என்ற இணைப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் பேட்டரியும் இல்லை, ஷட்டர் பொத்தானும் இல்லை. சுண்டுவிரலுக்கு இடம் தருவதுதான் அதன் முதன்மையான வேலை.

சரி, செங்குத்தாக ஏன் எடுக்க வேண்டும்? கிடையாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளலாமே? இதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. 700டி எடுக்கும் படத்தின் நீளம் 5184 படப்புள்ளிகள், அகலம் 3456 படப்புள்ளிகள். நிற்கும் ஒருவரை உச்சி முதல் பாதம் வரை கிடைச் சட்டத்தில் அடக்கினால், அவருடைய உயரத்துக்கு அதிகபட்சம் 3456 புள்ளிகளே கிடைக்கும். அதே மனிதரைச் செங்குத்துச் சட்டத்தில் அடக்கினால் 5184 கிடைக்கும். உயரத்தில் ஒன்றரை மடங்கு என்றால், பரப்பளவில் இரண்டேகால் மடங்கு. இதுபோன்ற ஆண்டு மலரின் அட்டையை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால் அதற்கு 3508 புள்ளிகள் தேவை. கிடையாக எடுத்து வெட்டிய படம் முழு உயரத்தையும் கொடுத்தால்கூட அதற்குச் சற்றே குறைகிறது. செங்குத்தாக எடுத்தது தாராளமாகப் போதும், கொஞ்சம் ஓரம் வெட்டவும் இடம் விடும்.

நம் நிகழ்வுகளில் படம் எடுக்கத்தக்கவை எவை என்று எண்ணிப் பாருங்கள். பட்டமளிப்பு அங்கியில் நிற்கும் மாணவி, மாலையும் கழுத்துமாக மணமக்கள், பேச்சு மேடையில் சொற்போராளர், காவடி ஏந்தி வரும் பக்தர். எல்லாரும் நிற்கும் மனிதர்கள். பத்துமலையில் 272 படிகளும் மேல்நோக்கியே ஏறுகின்றன. 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். இவற்றைக் கிடையாகப் படம் பிடித்தால் இரு பக்கமும் வெற்றிடத்தை நிரப்பவே பாதிப் படம் செலவாகிவிடும்.

நான் கிரிப் பயன்படுத்தத் தொடங்கியது என் சித்தி மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை ஒட்டித்தான். அரங்கேற்றம் ஒரு முறைதான் நடக்கும். பல ஆண்டுப் பயிற்சியும் குடும்பத்தாரின் சேமிப்பும் ஒரே மாலையில் மேடையேறிவிடும். சித்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வர்ணத்துல ஒரு நல்ல படம் எடுத்துக் கொடும்மா. வீட்டுக் கூடத்துல மாட்டணும்." அரங்கேற்றத்தில் மிக நீண்ட உருப்படி வர்ணம்தான். அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் போகும். அதில் ஜதிக்கும் அபிநயத்துக்கும் இடையே நடனமணி மாறி மாறிப் போய்க்கொண்டிருப்பார். சித்தி கேட்ட அந்தப் படம் எந்த நொடியில் அமையும் என்று சொல்ல முடியாது. அதனால் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவே முடியாது.

அதற்குமுன் ஒத்திகை நாளில் கிரிப் இல்லாமல்தான் எடுத்தேன். வர்ணத்தின் பாதியிலேயே என் வலக்கை தானாக இறங்கிவிட்டது. எவ்வளவு முயன்றாலும் தசை ஒத்துழைக்கவில்லை. மறுநாளே பழைய கேமரா பொருள்கள் விற்கும் ஒருவரிடம் பி.ஜி.-இ8 ஒன்றை வாங்கினேன். அரங்கேற்றத்தன்று முழு வர்ணத்தையும் கேமராவை இறக்காமல் பார்க்க முடிந்தது. நாயகி தலைவனின் வரவை எதிர்பார்த்து வாசலை நோக்கி நிற்கும் ஒரு கணம், உச்சி முதல் சலங்கை வரை, செங்குத்துச் சட்டத்தில் அமைந்தது. சித்தி வீட்டுக் கூடத்தில் இப்போது தொங்குவது அந்தப் படம்தான்.

இங்கே நாட்டியம் பற்றி ஒரு குறிப்பு. பரதநாட்டியம் என்றாலே செங்குத்துப் படம் என்று எண்ணிவிடக் கூடாது. அரைமண்டியில் அமர்ந்து இரு கைகளையும் விரித்து நிற்கும்போது உடலின் அகலம் உயரத்தை நெருங்கிவிடும். அப்போது கிடைச் சட்டமே அழகு. ஆக, ஜதிகளின்போது கிடையாகவும், நின்று அபிநயம் பிடிக்கும்போது செங்குத்தாகவும் மாறிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. கிரிப் இருந்தால் இந்த மாற்றம் தானாக நடந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வலக்கை ஒரு பிடியை விட்டு இன்னொரு பிடிக்குத் தாவ வேண்டும். அந்த நேரத்தில் கேமராவின் முழுப் பாரத்தையும் லென்ஸின் அடியில் இருக்கும் இடக்கை தாங்க வேண்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு வீட்டில் பழகிக்கொள்வது நல்லது. கிடையாக எடுக்கும்போது கிரிப்பில் உள்ள சிறு விசையை அணைத்து வைக்கவும். இல்லாவிட்டால் உள்ளங்கை பட்டு இரண்டாவது ஷட்டர் பொத்தான் அழுந்தும்.

பேட்டரிக்கு வருகிறேன். எல்.பி.-இ8 பேட்டரி ஒன்றில், 23 பாகை செல்சியஸில், பாதிப் படங்களுக்கு பிளாஷ் பயன்படுத்தினால் ஏறத்தாழ 440 படங்கள் எடுக்கலாம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பின்புறத் திரையைப் பார்த்தே எடுத்தால் ஏறத்தாழ 180தான். கிரிப்பில் இரண்டு பேட்டரிகள் போடலாம், ஒன்று மட்டும் போட்டாலும் வேலை செய்யும். இரண்டு போட்டால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். ஆனால், கூடுதல் பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தாலும் அதே பயன் கிடைத்துவிடுமே! பேட்டரி மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. ஆகவேதான் பேட்டரிக்காகக் கிரிப் வாங்குவது வீண் என்றேன்.

அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கிரிப்போடு வரும் இன்னொரு தட்டில் ஆறு ஏ.ஏ. பேட்டரிகளைப் போடலாம். தைப்பூசத்தை ஒட்டிக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டு, பல மணி நேரம் ஊர்ந்து பத்துமலையை அடைகிறது. அதனோடு நடந்துபோகிறவருக்கு மின்னேற்றம் செய்ய இடமேது? இருபத்து நான்கு மணி நேரக் கடையில் ஏ.ஏ. பேட்டரி எப்போதும் கிடைக்கும். மறுமின்னேற்றம் செய்யக்கூடிய வகை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட். எல்.பி.-இ8-இன் அளவும் அதுவேதான். கடையில் கிடைக்கும் சாதாரண அல்கலைன் வகை அவசரத்துக்கு உதவும், ஆனால் கேமரா இழுக்கும் மின்சாரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விரைவில் சோர்ந்துவிடும்.

கிரிப் மாட்டினால் கேமரா வேகமாகப் படமெடுக்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே இருக்கிறது. இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2007இல் வந்த நிக்கான் டி300, எம்.பி.-டி10 கிரிப்பையும் அதற்குரிய பேட்டரியையும் சேர்த்தால் நொடிக்கு 6 படங்களிலிருந்து 8 படங்களுக்கு உயரும். 2008இல் வந்த டி700-உம் 5இலிருந்து 8க்குப் போகும். ஆனால், சிறிய வகைக் கேமராக்களில் இப்படி எதுவும் நடக்காது. 700டி கிரிப்போடும் நொடிக்கு 5 படங்கள்தான், கிரிப் இல்லாமலும் 5தான். படத்தின் தரமும் மாறாது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வீட்டுச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். கிரிப், இரண்டு பேட்டரி, சாதாரண 18-55 லென்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டுகிறது. கழுத்துப் பட்டையில் அரை நாள் தொங்கினால் கழுத்து சொல்லும். பழைய பையில் கேமரா அடங்காது. கூட்டத்தில் எல்லாருடைய கண்ணும் அதன்மேல் விழும். பத்துமலையில் என்னிடம் "எந்தப் பத்திரிகைம்மா?" என்று கேட்டவர்கள் பலர். பத்திரிகை என்று நினைத்து வழிவிட்டவர்களும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. தெருவில் இயல்பாக மனிதர்களைப் படம் எடுக்க விரும்பினால் கிரிப்பைக் கழற்றிவிடுவதே நல்லது.

முக்காலியில் வைக்கும்போதும் கழற்றிவிடுங்கள். கேமராவையும் கிரிப்பையும் இணைப்பது ஒரே ஒரு திருகு. முக்காலி கிரிப்பைப் பிடித்திருக்க, கேமராவின் பாரம் அந்தத் திருகின்மேல் நிற்கும். உயரமும் கூடிவிடுவதால் ஆட்டம் அதிகமாகும். குறிப்பாக, முக்காலியின் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் செங்குத்தாக எடுக்கும்போது அந்த இணைப்பு மெல்ல நெகிழும். முருகன் சிலையை இரவில் பல நொடிகள் ஷட்டரைத் திறந்து எடுப்பதற்கு வெறும் கேமராவே உறுதியானது.

எல்லாக் கேமராவுக்கும் கிரிப் உண்டா? இல்லை. நிக்கானின் டி40, டி3100, டி5100 போன்ற சிறிய கேமராக்களுக்கு அந்நிறுவனம் கிரிப் வெளியிடவில்லை. அவற்றின் அடியில் கிரிப்போடு பேசும் மின்தொடர்பு முனைகளும் இல்லை. பிற நிறுவனங்கள் செய்து விற்றவை, பக்கத்துத் துளையில் ஒரு கம்பியைச் செருகியோ அகச்சிவப்புக் கதிர் மூலமாகவோ ஷட்டரை இயக்கும். சக்கரமும் மற்றப் பொத்தான்களும் அவற்றில் எதிர்பார்க்க முடியாது. நிக்கானின் டி80, டி90 இரண்டுக்கும் எம்.பி.-டி80 என்ற முறையான கிரிப் இருந்தது. கண்ணாடியில்லாக் கேமராக்களிலும் கவனம் தேவை. 2018இல் வெளிவந்த நிக்கான் இசட்6-க்குரிய எம்.பி.-என்10 பார்வைக்குக் கிரிப் போலவே இருக்கும், ஆனால் அதில் ஷட்டர் பொத்தான் கிடையாது. அதை மாட்டிச் செங்குத்தாகப் பிடித்தால் முழங்கை மறுபடியும் மேலே போய்விடும். 2020இல் வந்த எம்.பி.-என்11-இல்தான் பொத்தான்களைச் சேர்த்தார்கள். அது இசட்6-இன் இரண்டாம் பதிப்புக்கு உரியது.

பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஒரு கூடுதல் பேட்டரி. அடுத்து 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஏனெனில் மண்டபத்தின் இருட்டைக் கிரிப் வெளிச்சமாக்காது. அதன்பிறகு, நீங்கள் எடுப்பவை பெரும்பாலும் நிற்கும் மனிதர்களாக இருந்தால், கிரிப். இயற்கைக் காட்சியும் குழுப்படமும் மட்டுமே எடுப்பவருக்கு அது தேவையே இல்லை.

இப்போது இந்த வகைக் கிரிப்பைப் பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியம் பிடித்து நிற்க வேண்டும். பெயர் தெரியாத நிறுவனத்தின் கிரிப் ஒன்றை நண்பர் வாங்கினார். அதில் பாதி அழுத்தம் என்பதே இல்லை, தொட்டதும் படம் எடுத்துவிடும். சக்கரத்தை இரு பக்கமும் உருட்டி, எண் ஒவ்வொன்றாக மாறுகிறதா என்று பாருங்கள். திருகை இறுக்கியபின் கேமராவையும் கிரிப்பையும் எதிரெதிராக மெல்ல முறுக்கினால் இடைவெளி தெரியக் கூடாது. பேட்டரித் தட்டை இழுத்து, உலோக முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் அது விரைவில் படியும். உலர்ந்த மெல்லிய துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். உப்பிய பேட்டரியைத் தட்டுக்குள் திணிக்கவே வேண்டாம், உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

கடைசியாக, கிரிப்பின் பக்கவாட்டு இடுக்கில் கேமராவின் பேட்டரிக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். கிரிப்போடு சேர்த்து ஒரு பழைய கேமராவை வாங்குகிறீர்கள் என்றால், அந்தக் கதவைக் கண்ணால் பார்த்தபிறகு பணத்தைக் கொடுங்கள்.